பின்பனி முடிந்து கோடை பிறக்கையில்: செட்டிநாட்டு வீட்டுத் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டைத் தாண்டிப் பத்து சென்ட் தோட்டம் இருக்கிறது. பதினேழு ஆண்டுகளாக அதைப் பார்த்துவருகிறேன். மாசி பிறந்தால் போதும், உறவிலும் தெருவிலும் உள்ளவர்கள் ஒரே மாதிரியான கேள்விகளோடு வந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்ன பதிலை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாம் நம் பக்கத்துச் செம்மண்ணுக்கும் சரளைக்கும் நம் கிணற்றுக்கும் பொருந்துபவை. காவிரிக் கரையில் இருப்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

கோடை வேலையை எப்போது தொடங்க வேண்டும்? சித்திரை பிறந்த பிறகு போதாதா?

போதாது. இலக்கணக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். நம் மண்ணோ அந்தக் கணக்குக்கு ஒரு மாதம் முந்திக்கொள்கிறது. நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்துவிடும். மார்கழி, தைப் பனியில் மேல்மண் ஓரளவு ஈரமாக இருக்கும். மாசி நடுவில் விடியற்காலை செம்பருத்தி இலையைத் தொட்டுப் பாருங்கள். கையில் ஈரம் படவில்லை என்றால் பனி விலகிவிட்டது, அன்றிலிருந்து உங்கள் தோட்டத்துக்குக் கோடைதான்.

வேறு அடையாளங்களும் உண்டு. வேம்பு பழைய இலையைக் கொட்டிச் செந்தளிர் விடும், புங்கை மொட்டையாகி மறுபடி பச்சை போர்த்தும். கிணற்றில் வாளி இறங்கும் கயிறு ஒரு முழம் கூடும். என் அப்பத்தா கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். எந்த முடிச்சு கையில் நிற்கிறதோ அதை வைத்து இந்தக் கோடை எப்படி என்று சொல்லிவிடுவார். இப்போது மோட்டார் போட்டிருக்கிறேன். ஆனாலும் மாதம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டம் பார்க்கிறேன். இதைவிட நம்பகமான நாட்காட்டி எனக்குத் தெரியாது.

முதலில் செய்ய வேண்டிய வேலை எது?

செடிகளை எண்ணுவது. எல்லோரும் உரம், மருந்து, விதை என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு உங்களால் எத்தனை குடம் தண்ணீர் தர முடியும் என்பதை. சித்திரை கடைசியில், கிணறு அடி காணும் நேரத்தில், எத்தனை குடம் கிடைக்குமோ அதுதான் உங்கள் கணக்கு. மாசியில் கிடைக்கும் தண்ணீரைப் பார்த்துச் செடியை வைத்துக்கொண்டால் சித்திரையில் எல்லாவற்றுக்கும் அரை வயிறுதான் ஊற்ற முடியும். அரை வயிற்றில் எதுவும் காய்க்காது.

ஆகவே மாசி கடைசிக்குள் காய்த்து ஓய்ந்த அவரைப் பந்தலைப் பிரித்துவிடுங்கள். நோய்பட்ட கத்தரியைப் பிடுங்கிவிடுங்கள். பாத்திகளில் பாதியைப் பயிர் வைக்காமல் மூடிப் போட்டுவிடுங்கள். மனது வலிக்கும். இரண்டு பிஞ்சு நிற்கிற கொடியைப் பிடுங்கும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் பத்து செடியைச் சாகவிடுவதைவிட நான்கு செடியை நன்றாகக் காப்பது நல்லது. கோடைத் தோட்டத்தில் நான் கற்ற பாடம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தண்ணீரை எப்போது, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். முடியாதவர்கள் பொழுது சாய்ந்து மண் ஆறிய பிறகு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு உச்சக் கோடையில் இரு வேளையும் தேவைப்படும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் நிற்கும் செடிக்கும் மரத்துக்கும் கணக்கு வேறு. இதை நான் ஓர் எலுமிச்சையை இழந்து கற்றுக்கொண்டேன். எட்டு வயது மரம், ஆண்டு முழுதும் காய் கொடுத்தது. ஒரு கோடையில் உடம்புக்கு முடியாமல் இரண்டு மாதம் படுத்திருந்தேன். உதவிக்கு வந்தவர் தினமும் தவறாமல் ஒரு வாளி ஊற்றினார். அவர்மேல் குறையே இல்லை, நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் நான்கு விரல் ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. வேர் ஈரத்தைத் தேடி மேலே வந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் மேல்மண் சுட்டபோது அந்த வேர்கள் எல்லாம் வெந்துபோயின. ஆனி மாதம் மரம் பட்டுவிட்டது.

மரத்துக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு முழ ஆழம் நனைகிற அளவு ஊற்றுங்கள். ஊற்ற வேண்டிய இடம் தண்டின் அடி இல்லை. நண்பகலில் மரத்தின் நிழல் விழும் விளிம்பில் வட்டமாகப் பாத்தி எடுத்து அங்கே விடுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. காய்கறிப் பாத்திக்கு நடுவிரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

பானைப் பாசனம் உண்மையில் பயன்படுகிறதா?

நம் மாவட்டத்திலேயே, புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டம் இருக்கும்போது இதைச் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும், மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியால் மூடிவிட வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் தள்ளிச் சுரையோ வெள்ளரியோ நான்கு விதை போடலாம். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேரைத் தேடிப் போகும். ஆவியாக வீணாவது மிகக் குறைவு. என் தோட்டத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறேன். வர்ணம் பூசிய அலங்காரப் பானை கசியாது, அதை வாங்காதீர்கள். மூடி இல்லாமல் விட்டால் கொசு முட்டையிடும். உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஓராண்டுக்குப் பிறகு பானையை எடுத்துப் பாருங்கள், சுவரின் நுண்துளை அடைத்திருந்தால் மாற்ற வேண்டும்.

மூடாக்கு போட்டால் கரையான் வருகிறது. என்ன செய்வது?

செம்மண்ணில் கரையான் இல்லாத இடமே கிடையாது. ஆனால் மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு இல்லாமல் நம் கோடையைத் தாண்டவும் முடியாது. வெறும் செம்மண் பகல் இரண்டு மணிக்குக் காலை வைக்க முடியாதபடி சுடும். அதன் அடியில் இருக்கிற வேரை நினைத்துப் பாருங்கள்.

மாசியில் கொட்டும் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் எரித்துவிடாமல் கூட்டிக் குவியுங்கள். காசில்லாத மூடாக்கு அது. நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே போடுங்கள். கரையான் தண்டில் ஏறுவது சருகு தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான். முதலில் தண்ணீர் விட்டு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளைத் தூவி, அதற்குமேல் சருகைப் பரப்பினால் தொல்லை பெரிதும் குறையும்.

தேங்காய் மட்டை உள்ளவர்களுக்கு ஒரு நுணுக்கம். மட்டையைக் குழிக்குள் புதைப்பதானால் அதன் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், தண்ணீரைக் கிண்ணம்போல் ஏந்திக்கொள்ளும். தரைக்குமேல் பரப்புவதானால் குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும். சருகுக் குவியலைக் கையால் கிளறாதீர்கள். கோடையில் குளிர்ச்சி தேடி வருவது தவளை மட்டும் இல்லை, பாம்பும் வரும். கம்பால் தட்டிவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

மாசி, பங்குனியில் என்ன விதைக்கலாம்?

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, சுரை, பீர்க்கு, சிறுகீரை, தண்டுக்கீரை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். மாசியில் போட்டால் அக்னி நட்சத்திரத்துக்குள் நல்ல பறிப்பு முடிந்துவிடும். சித்திரையில் போட்டால் முளைக்கும், ஆனால் தண்ணீர்ச் செலவுக்கு ஏற்ற காய் வராது.

கொத்தவரை நம் மண்ணுக்கென்றே பிறந்த செடி. சரளையிலும் நிற்கும், ஒரு நாள் மறந்தாலும் வாடாது. உண்ட மிச்சத்தை மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து வற்றலாக்கிவிட்டால் கார்த்திகை மழை வரை வரும்.

விதை முளைக்குமா என்ற சந்தேகம் பலருக்கு. மாசி, பங்குனி அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு முளைப்பாரி போடுகிற வீடு நம் பக்கத்தில் எத்தனை! அது பக்தியோடு கூடிய விதைச் சோதனையும்கூட. பத்து விதையை ஈரத்துணியில் கட்டி இருட்டில் வையுங்கள். நான்கைந்து நாளில் குறைந்தது ஏழு விதை முளைத்தால் அந்த விதையை நம்பலாம்.

தக்காளிப் பூவெல்லாம் உதிர்கிறது. சுரையில் ஆண் பூவாகவே வருகிறது. உரம் போதவில்லையா?

உரம் காரணம் இல்லை, வெப்பம்தான். பகல் வெயில் முப்பத்தைந்து பாகை தாண்டி இரவும் ஆறாமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பூ காம்போடு விழும். கீற்றுப் பந்தலின் கீழ் வைத்தால் செடி பிழைக்கும், காயை எதிர்பார்க்க வேண்டாம். சுரை, பீர்க்கு, பாகல் எல்லாம் சூட்டிலும் நீண்ட பகலிலும் ஆண் பூவையே அதிகம் விடும். கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வரும், பெண் பூ பெரும்பாலும் அதில்தான். இந்த நேரத்தில் தழைச்சத்து உரம் போட்டால் இலைதான் பெருகும், அந்த இலை இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும்.

மல்லிகையை இப்போது கவாத்து செய்யலாமா?

கூடாது. கவாத்துக்கு உரிய காலம் கார்த்திகை. அப்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டவர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆனி வரை பூ. இப்போது வெட்டினால் இந்த ஆண்டுப் பூவை நீங்களே வெட்டுகிறீர்கள். அடுத்த கார்த்திகைக்குக் குறித்துவைத்துக்கொண்டு, இப்போது தண்ணீரை மட்டும் தவறாமல் கொடுங்கள். மொட்டு ஊதா நிறம் ஏறிச் சிறுத்தால் மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டுகளைப் பறித்து எரித்துவிடுங்கள். பறிப்பு விடியலில், மொட்டு வாய் திறக்குமுன். தோட்டத்தில் ஒரு நாளும் அலுக்காத வேலை எனக்கு இது ஒன்றுதான்.

மாமரத்தில் பிஞ்சு கொட்டுகிறது. தென்னையில் குரும்பை உதிர்கிறது.

மா எல்லாப் பிஞ்சையும் வைத்துக்கொள்ளாது. தன்னால் சுமக்க முடிந்ததை மட்டும் நிறுத்தும். விழுந்த மாவடுவைப் பொறுக்கி உப்பிலிடுங்கள். காய் கோழிமுட்டை அளவு வந்த பிறகும் கொட்டினால் தண்ணீர் சீராக இல்லை என்று பொருள். பத்து நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக விடுவதுதான் மிகப் பெரிய தவறு.

தென்னையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்க்கும் தென்னைக்குக் கோடையில் நாள் ஒன்றுக்கு ஐம்பது லிட்டருக்குக் குறையாமல் தேவை. “மரம் பச்சையாகத்தானே நிற்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள். தென்னை இந்தக் கோடையின் வறட்சியை அடுத்த ஆண்டுக் காயிலும் அதற்கடுத்த ஆண்டுக் காயிலும் காட்டும். பாளை உருவாகிக் காய் முற்றுவதற்கு அவ்வளவு காலம் ஆகிறது. தோட்டத்தில் எதற்காவது தண்ணீரைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கீரைப் பாத்தியைக் கைவிடுங்கள். கீரை ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கிறதே?

மாவுப்பூச்சி. முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதைக் கிளைக்குக் கிளை சுமந்து போகிறது. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மருந்து அடிப்பது வீண். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகிவிடும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் நோய், மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

மயில் நாற்றை எல்லாம் கொத்திவிடுகிறது!

நம் பக்கத்தில் இப்போது எல்லோருக்கும் இந்தத் துன்பம் இருக்கிறது. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பறவை, அதற்குத் தீங்கு செய்யக் கூடாது, செய்யவும் மனம் வராது. விதைத்த பாத்திமேல் கருவேல முள்ளைப் பரப்பிவையுங்கள், நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் எடுத்துவிடலாம். கோடையில் மயில் பாதி தாகத்துக்காகவும் வருகிறது. தோட்டத்துக் கடைசியில், பாத்தியிலிருந்து தள்ளி, ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர் வையுங்கள். வைத்த பிறகு என் வெள்ளரிப் பிஞ்சுகளில் கொத்தல் குறைந்திருக்கிறது.

கோடையில் எரு போடலாமா?

வளரும் செடிக்குச் சூடான எரு வேண்டாம். மக்காத கோழி எருவைச் சித்திரையில் போட்டால் மிளகாய்ச் செடி ஒரு வாரத்தில் கருகிவிடும். பஞ்சகவ்யம் பத்து லிட்டருக்கு முந்நூறு மில்லி என்ற அளவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணீரும் போதும்.

ஆனால் மூடிப்போட்ட பாத்திகளுக்கு உரிய காலம் இதுதான். கண்மாய் வற்றியதும் அடியில் கிடக்கும் வண்டல் நம் செம்மண்ணுக்குக் கிடைக்கிற பெரிய வரம். செம்மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, வண்டல் பிடித்துவைக்கும். முறையாக அனுமதி பெற்று ஒரு வண்டி கொண்டுவந்து பரப்பிவிட்டால் நான்கைந்து ஆண்டுக்குப் பயன் தெரியும். இடம் பெரிதாக உள்ளவர்கள் ஆட்டுக்கிடை போடச் சொல்லலாம், அதாவது இரவில் ஆடுகளை அந்த மண்ணில் அடைக்கச் சொல்லலாம். கீதாரிகள் கோடையில் ஊர் ஊராக மந்தையோடு வருவார்கள். இரண்டு இரவு கிடை அடைத்த மண்ணில் ஆடியில் போட்ட கத்தரி எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐயமுள்ளவர்கள் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய் மண் பரிசோதனை பற்றிக் கேட்டு வாருங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருவோம். தோட்டம் வைக்கலாமா?

வைக்கலாம், காய்கறி வேண்டாம். பூட்டிய வீட்டுப் பின்கட்டுகள் எல்லாம் சீமைக்கருவேலக் காடாகப் போவதைப் பார்க்கப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால் ஒன்றுமில்லாமல் விடுவதைவிட வேம்பு, புங்கை, நெல்லி, முருங்கை, அரளி, நந்தியாவட்டை என்று வையுங்கள். ஐப்பசி மழையோடு நட்டு, முதல் இரண்டு கோடை மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் விட ஆள் பிடியுங்கள். அவரிடம் நாள்தோறும் ஒரு வாளி கேட்காதீர்கள், வாரத்துக்கு ஒருநாள் ஆழமாக நனைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் கோடையில் அவை தாமே நிற்கும்.

வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) தொட்டி வைத்திருக்கிறோம். ஆத்தங்குடித் தரை கறைபடுகிறதே?

தொட்டியை நேரே தரையில் வைக்காதீர்கள். அந்தக் கல் சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்தது, தொட்டியிலிருந்து வடியும் உரத்தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு எத்தனை முறை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் வட்டம் போகாது. தாங்கியும் தட்டும் வையுங்கள். முற்றத்து வெயில் படும் ஓரத்தில் துளசி, நிழல் பக்கத்தில் புதினா, பொன்னாங்கண்ணி, வெற்றிலைக் கொடி. பன்னிரண்டு மணி வெயில் நேரே இறங்கும் இடத்தில் எதுவும் வேண்டாம்.

அக்னி நட்சத்திரத்தில் என்ன வேலை?

மே 4 முதல் ஏறத்தாழ 28 வரை நடாதீர்கள், பெயர்த்து வைக்காதீர்கள், கவாத்து செய்யாதீர்கள், உரமிடாதீர்கள். தண்ணீரும் நிழலும் மட்டும். பகலில் சுருண்ட இலை மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடி நலமாக இருக்கிறது, பதறி நண்பகலில் ஊற்றாதீர்கள். மாலையிலும் நிமிராத செடிக்குத்தான் தாகம்.

நடுவில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் விதைக்கலாமா?

சித்திரையில் இடியோடு ஒரு மழை வந்து மண் மணக்கும்போது கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான். பல ஆண்டு அந்த ஈரத்தை நம்பி விதைத்து, முளைத்த இரண்டிலை வெயிலில் காய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஈரத்தில் விதைக்காமல் மண்ணைக் கொத்திப் புரட்டிவிடுங்கள். கூட்டுப்புழுவும் கோரைக்கிழங்கும் மேலே வந்து வெயிலில் காயும், அடுத்த மழை உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

விதைக்க நாள் இருக்கிறது. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பார்கள். தையில் எடுத்த அவரை விதையையும், நன்றாகப் பழுத்த கத்தரியிலிருந்து எடுத்த விதையையும் அடுப்புச் சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டாம் கட்டின் இறவாணத்தில் (கூரைச் சாய்வின் உட்பக்கத்தில்) தொங்குகிறது. வைகாசியில் ஒருமுறை இறக்கிக் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, வண்டு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கட்டித் தொங்கவிடுவேன்.